ஒரு கிண்ணம் நீளமுள்ள விளையாட்டு

"நூறு மலை வேணும்," என்றான் திலேக். "அதுக்குக் கீழ இருந்தா அது விளையாட்டே இல்ல."

"நூறு மலையோட கொஞ்சம் ஆறும் வச்சுக்கலாம்," என்றாள் பெர்மெத்.

திலேக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். வழக்கமாக அவன் எதைச் சொன்னாலும் அவள் பாதியாகக் குறைப்பாள். இன்றைக்கு அவளே கூட்டிக் கேட்கிறாள்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா நீளமா இருக்கணும். ரொம்ப ரொம்ப நீளமா."

இருவரும் ஐந்தாம் வகுப்பு. பெர்மெத் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அப்பாவின் பழைய மடிக்கணினி இருந்தது. அதில் சில பொத்தான்கள் எப்போதோ உதிர்ந்து போய்விட்டன. சன்னலுக்கு வெளியே நாரின் ஆறு ஓரங்களில் உறைந்து, நடுவில் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு ஓடியது.

பள்ளியில் கணினி வகுப்பில் அவர்களுக்கு விளையாட்டு செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திரையில் வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் பொம்மைகள் நடக்கும், குதிக்கும், பேசும். பெர்மெத் கட்டை அடுக்குவதில் கெட்டிக்காரி. திலேக் படம் வரைவான்.

திலேக்குக்கு நீளமான விளையாட்டுதான் பிடிக்கும். இரண்டாம் வகுப்பில் தொடங்கிய ஒரு விளையாட்டை அவன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். இதற்குள் அவனுக்கு முன்பல் விழுந்து, புதுப்பல்லும் முளைத்துவிட்டது. அந்த விளையாட்டில் இருக்கும் ராஜா மட்டும் இன்னும் அதே கோட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அதை அவன் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வான்.

"நீ எதுக்கு நீளமா கேக்குற?" என்று அவன் விடவில்லை.

பெர்மெத் உதிர்ந்த பொத்தான் இருந்த குழியை விரலால் தடவினாள்.

"இது அம்மாவுக்கு. விளையாட்டு முடிஞ்சிட்டா அம்மா என்ன பண்ணுவாங்க? மூடி வச்சிருவாங்க. அப்புறம் மறந்துருவாங்க. முடியாம போய்க்கிட்டே இருந்தா தினமும் எடுத்துப் பார்ப்பாங்கல்ல? அம்மா ஊருக்கு வர்ற வரைக்கும் அது ஓடணும்."

திலேக் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தான்.

"அப்போ நூறு பத்தாது," என்றான்.

பெர்மெத்தின் அம்மா மாஸ்கோவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்கள் நாரின் ஊரில் இது புதுமை இல்லை. பெர்மெத்தின் வகுப்பிலேயே பல பேருக்கு அம்மாவோ அப்பாவோ ரஷ்யாவில்தான் இருந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் இருக்கிறது என்பதால் ஒருவருடைய ஏக்கம் குறைந்துவிடுமா என்ன? பெர்மெத்துக்குக் குறையவில்லை. போன கோடையில் வருவதாகச் சொன்ன அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இந்தக் கோடை என்று இப்போது சொல்லியிருந்தார்.

அம்மா கிளம்பிய நாள் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. மூட்டையெல்லாம் கட்டியாயிற்று. கடைசியாக ஒரு வாய் டீ குடிக்க எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீ ஊற்றும் வேலை பெர்மெத்துக்கு.

எங்கள் பக்கம் பிரியமானவர்களுக்கு டீயைக் கிண்ணம் நிறைய ஊற்ற மாட்டோம். அடியில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்போம். குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டுவார்கள். மறுபடி கொஞ்சம் ஊற்றுவோம். இப்படியே பேச்சும் நீளும். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டால், "குடித்துவிட்டு நீங்கள் கிளம்பலாம்" என்று பொருள்.

அன்றைக்குப் பெர்மெத் கிண்ணத்தின் அடி நனைகிற அளவுக்குத்தான் ஊற்றினாள். அம்மா குடித்துவிட்டு நீட்டினார். அவள் அதைவிடக் குறைவாக ஊற்றினாள். கீழே அப்பா காரின் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா மறுபடி நீட்டினார். கெட்டிலில் டீ தீர்ந்து போகும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

டீ தீர்ந்துபோனதற்கு யார் என்ன செய்ய முடியும்?

அதனால்தான் இந்த விளையாட்டு தீரவே கூடாது என்று பெர்மெத் முடிவு செய்திருந்தாள்.

குளிர்காலம் முழுவதும் அவர்கள் வேலை செய்தார்கள். கதை இதுதான்: தொலைதூரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பழுப்புநிறப் பெண்குதிரை மலை தாண்டி, ஆறு தாண்டி, நாரினில் காத்திருக்கும் தன் குட்டியிடம் வந்து சேர வேண்டும். அம்மா பெர்மெத்தைக் கொஞ்சும்போது "என் குதிரைக்குட்டி" என்றுதான் கூப்பிடுவார். அதனால் குதிரை யார், குட்டி யார் என்று அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை.

திலேக் மலைகளை அற்புதமாக வரைந்தான். குதிரைதான் கொஞ்சம் இடித்தது.

"இது என்ன, சோபாவா?" என்று கேட்டாள் பெர்மெத்.

"குதிரை. படுத்திருக்குது."

"அப்போ எதுக்கு அஞ்சு கால்?"

"அது வாலு. உனக்குப் பார்க்கத் தெரியல."

அவன் முனகிக்கொண்டே அழித்து வரைந்தான். ஓநாய், பனிப்புயல், பிடிவாதமான ஆட்டுமந்தை, உடைந்த பாலம் என்று வழி முழுக்கத் தடைகள் வைத்தார்கள். டோலோன் கணவாயில் அப்பாவின் காரும் வந்தது. அப்பா நாரினுக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் நடுவே வாடகைக்குக் கார் ஓட்டுபவர். நிஜத்தில் அந்தக் கார் மேடேறும்போது எப்படி இருமுமோ, அதே மாதிரி விளையாட்டிலும் இருமியது. அந்த ஒலிக்காகத் திலேக் தானே இருமிப் பதிவு செய்தான்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வீடு. கதவு திறக்கும், உள்ளே இதே சமையலறை தெரியும். நீலக் கெட்டில் இருக்கும். சன்னலில் அம்மா நட்ட பூச்செடி இருக்கும். அம்மா போகும்போது விரல் உயரம் இருந்த செடி இப்போது திரைச்சீலையை எட்டிவிட்டது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அப்பா தூங்குவார். பெர்மெத்தின் குரல் கேட்கும்: "வந்துட்டீங்களாம்மா? உக்காருங்க. டீ ஆறிடப் போகுது."

கடைசியில் வரவேண்டிய இந்த இடத்தைத்தான் பெர்மெத் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்து வைத்திருந்தாள். ஒரு படத்தைக்கூடத் திலேக்கைத் தொடவிடவில்லை.

வசந்தப் புத்தாண்டான நூருஸ் பண்டிகையன்று விளையாட்டை அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். அம்மாவிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது.

"என் குதிரைக்குட்டி, நீயே செஞ்சியா? இங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். தினமும் டீ நேரத்துல ஆடுறேன், சரியா?"

பெர்மெத் அதை எத்தனை முறை கேட்டாள் என்று அப்பாவைக் கேட்டால் தெரியும். அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுடன் முகம் பார்த்துப் பேசலாம். முதல் ஞாயிறு பெர்மெத் எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"எங்க வந்திருக்கீங்கம்மா?"

"ஆத்துக்கிட்ட. ரொம்ப அழகா இருக்குது."

அடுத்த ஞாயிறும் கேட்டாள்.

"ஆறு… ஆறுதான். போய்க்கிட்டே இருக்கேன் கண்ணு. நீ சாப்பிட்டியா?"

அதற்கடுத்த ஞாயிறு அவள் ஒரு தந்திரம் செய்தாள்.

"அம்மா, பாலத்துக்குப் பக்கத்துல ஒரு நாய் வருமே, அது என்ன பண்ணுச்சு?"

"நாயா? நல்லா… குரைச்சுது."

பெர்மெத்தின் முகம் வாடிவிட்டது. அந்த நாய் குரைக்காது. குதிரைக்கு ரொட்டி கொடுத்து வழி சொல்லும். பாலம் வருவது முதல் ஆற்றுக்கு அடுத்தபடியாகத்தான். அதைக்கூட அம்மா பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து வரும் வழியில் அவள் திலேக்கிடம் சொன்னாள்.

"அம்மா அதை ஆடவே இல்லடா. சும்மா என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க."

"உங்க அம்மாவுக்கு நேரமில்லாம இருக்கும்."

"தினமும் ஆடுறேன்னு எதுக்குச் சொல்லணும்?"

திலேக் பையிலிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்து அவள் கையில் கொட்டினான். அவள் அதை உரிக்காமல் வீடுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அழக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

அடுத்த ஞாயிறு அழைப்பு வந்தபோது அவள் விளையாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பக்கத்தில் திலேக் எண்ணெயில் பொரித்த போர்சோக்கை ஜாம் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். அம்மா பள்ளியைப் பற்றிக் கேட்டார். பெர்மெத் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். இருவருக்கும் நடுவே பேச்சு நின்று நின்று ஓடியது.

அப்போது அம்மாவின் பின்னாலிருந்து இன்னொரு முகம் எட்டிப் பார்த்தது. அம்மாவோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் சைரா அக்கா.

"இந்தப் பொண்ணுதானா அது? ஏம்மா, உன் குதிரைக்கு நீச்சல் சொல்லித்தரக் கூடாதா? தினமும் எங்க கண்ணு முன்னாலயே ஆத்துல விழுது. நாங்க அத்தனை பேரும் டீயைக் கையில வச்சுக்கிட்டு, 'தாண்டு, தாண்டு'ன்னு கத்துறோம்."

"சைரா, சும்மா இரு," என்றார் அம்மா.

"என்ன சும்மா இரு? தாண்டி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிருதும்மா. போனைப் பெட்டியில வச்சிட்டு வேலைக்கு ஓடணும். மறுநாள் திறந்தா குதிரை மறுபடி மொதல்லயே நிக்குது. உங்க அம்மா ஒரு நாள்கூட விட்டதில்ல. தினமும் மொதல்ல இருந்துதான்."

பெர்மெத் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி விளையாட்டில் ஒரு ஏற்பாடு வேண்டும். மலை மலையாக அடுக்கிய இரண்டு பேரும் அதை மறந்தே போயிருந்தார்கள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்க. எனக்கு ஆடத் தெரியலன்னு நெனச்சேன். எப்படியாவது நானே தாண்டிடலாம்னு பார்த்தேன்." அம்மா சிரித்தார். "ஆனா அந்த ஆத்தங்கரை எனக்கு மனப்பாடம். ஆமா, மூணாவது கல்லுக்குப் பின்னால ஒரு சிவப்புக் கையுறை கிடக்குதே, அது யாரோடது?"

"கையுறையா? அங்க கையுறையே இல்லம்மா."

"இருக்குது. சின்னதா. கட்டைவிரல்ல ஓட்டை."

பெர்மெத் மெதுவாகத் திரும்பினாள். திலேக்கின் கன்னம் போர்சோக்கால் உப்பியிருந்தது. இரண்டு காதுகளும் சிவந்திருந்தன.

"நிஜமாவே ஆத்துல போயிருச்சு," என்றான் அவன், விழுங்கிவிட்டு. "வீட்டுல சொல்லல. அதான் அங்கயாவது இருக்கட்டுமேன்னு வரைஞ்சேன்."

அத்தனை சின்னதாக ஒளிந்திருந்த கையுறையை, விளையாட்டைச் செய்த பெர்மெத்தே பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கரையில் நின்ற ஒருவர்தான் பார்த்திருக்க முடியும். தினமும் ஆடுவதாக அம்மா சொன்னது பொய் இல்லை. தினமும் கிளம்பியிருக்கிறார். தினமும் வந்து சேரவில்லை.

அன்று சாயங்காலமே திலேக் கணினிமுன் உட்கார்ந்துவிட்டான்.

"விட்ட இடத்துலேருந்து ஆடற மாதிரி மாத்திட்டா போதும். இன்னைக்கு ஆறு, நாளைக்குப் பாலம், அப்புறம் ஓநாய். கோடை வரைக்கும் தாராளமா ஓடும். நீ கேட்டது அதானே?"

ஆமாம், அவள் கேட்டது அதுதான். ஆனாலும் அவளுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புருல் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவர். அத்தை வந்தால் டீ, டீயோடு பேச்சு, பேச்சோடு இன்னும் டீ. ஊரில் யார் வீட்டு மாடு எப்போது கன்று போட்டது என்பது வரை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அப்பா அவர் எதிரில் தொப்பியைக்கூட மூஞ்சிக்கு இழுக்க மாட்டார்.

பெர்மெத் கெட்டிலை எடுத்து ஊற்றினாள். கண் கிண்ணத்தில் இருந்தது. மனமோ ஆற்றங்கரையில் ஒரு பழுப்புக் குதிரையோடு நின்றது. டீ விளிம்புவரை வந்து தளும்பியது. அதை அப்படியே அத்தையிடம் நீட்டிவிட்டாள்.

அத்தை கிண்ணத்தைப் பார்த்தார். பெர்மெத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா, நான் வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழட்டி முடிக்கல. அதுக்குள்ள உம்பொண்ணு எனக்கு வழி காட்டுறா."

"ஐயோ, அத்தை, அப்படி இல்ல," என்று பெர்மெத் பதறினாள்.

அப்பா மீசைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு இருமினார். அவருடைய கார் பரவாயில்லை என்று தோன்றியது.

"பரவால்ல விடு. இவ்வளவையும் எப்படிக் குடிக்கிறது? பாதியிலயே ஆறிப்போயிரும்," என்று அத்தை சிரித்துக்கொண்டே கிண்ணத்தை மேசையில் வைத்தார். "கொஞ்சமா ஊத்திக் கொண்டா. அப்பத்தான் சூடா குடிச்சிட்டு மறுபடி கேக்கலாம்."

பெர்மெத் கிண்ணத்தைக் கையில் எடுத்தபடி அங்கேயே நின்றாள். பிறகு திலேக் பக்கம் திரும்பினாள்.

"நாம விளையாட்டை விளிம்பு வரைக்கும் ஊத்திட்டோம்டா."

"என்னது?"

"அம்மாவுக்கு. நிறைய ஊத்திக் கையில குடுத்துட்டோம். அவங்களால குடிச்சு முடிக்க முடியல. தினமும் பாதியிலயே ஆறிப்போகுது."

"அதான் விட்ட இடத்துலேருந்து ஆடற மாதிரி மாத்தப் போறோமே."

"அப்பவும் மணி அடிக்கும்போது அம்மா எங்க இருப்பாங்க? ஏதாவது ஒரு மலையில, பனிக்குள்ள நிப்பாங்க. அங்கேருந்து அப்படியே வேலைக்குப் போகணும். கோடை வரைக்கும் தினமும் அப்படியே. வீட்டுக்கு வரவே மாட்டாங்க. எனக்கு அம்மா தினமும் வீட்டுக்கு வரணும். டீ முடியறதுக்குள்ள வந்துரணும்."

புருல் அத்தைகூடப் பேசவில்லை. அது எங்கள் கட்டடத்தில் அபூர்வமாக நடப்பது.

திலேக் திரையில் இருந்த மலைகளைப் பார்த்தான். ஒரு குளிர்காலம் முழுக்க அவன் வரைந்தவை.

"எத்தனை மலை வெட்டணும்?"

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் இருக்கணும்."

"ஒண்ணா?" அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "என் ஓநாய்?"

"ஓநாய் ஒரு நாள் வரட்டும். பாலம் ஒரு நாள். டோலோன் இன்னொரு நாள். எதையும் தூக்கிப் போட வேணாம். ஒவ்வொரு நாளும் ஒண்ணு மட்டும் மாத்தி வைப்போம். அதைத் தாண்டினா வீடு."

திலேக் அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான், அத்தையுடையது என்றுகூடப் பார்க்காமல்.

"சரி. ஆனா ஒரு கிண்ணம் டீ எவ்வளவு நீளம்?"

அது நல்ல கேள்வி. அவர்கள் அதற்கு அப்பாவைப் பிடித்தார்கள். திலேக் குதிரையை ஓட்டுவான், அப்பா டீ குடிப்பார். யார் முதலில் முடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குதிரை இரண்டடி வைப்பதற்குள் அப்பா கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார்.

"முடிஞ்சுது," என்றார்.

"அப்பா, உங்களை மாதிரி இல்ல. அம்மா மாதிரி குடிங்க."

"அம்மா மாதிரின்னா?"

"ரெண்டு கையாலயும் பிடிப்பாங்கல்ல. மொதல்ல ஊதுவாங்க."

அப்பா இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்தார். ஊதினார்.

"ஒரு வாய் குடிச்சிட்டு சன்னல் வழியா ஆத்தைப் பார்ப்பா," என்றார் அத்தை.

அப்பா ஒரு வாய் குடித்தார். சன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார்.

"அப்புறம் யாராவது சொன்னதை நெனச்சு, தனக்குள்ளேயே சிரிச்சுக்குவா," என்றார் அப்பா, யாரும் சொல்லாமலே. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை மலையைத் தாண்டிவிட்டது, வாசலுக்கு வந்துவிட்டது, கதவும் திறந்துவிட்டது. அப்பாவின் கிண்ணத்தில் இன்னும் டீ இருந்தது.

"இந்த நீளம் போதும்," என்றாள் பெர்மெத் மெதுவாக.

மறுநாளிலிருந்து பள்ளிக்குக் கிளம்புமுன் அவள் விளையாட்டை மாற்றி அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு தடை, அதற்கப்புறம் வீடு. வீட்டுக்குள்ளும் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும். ஒரு நாள் பூச்செடியில் மொட்டு. ஒரு நாள் கணக்குப் பரீட்சையில் ஐந்துக்கு அவள் வாங்கிய மூன்று மதிப்பெண், அதை நாற்காலிக்கடியில் ஒளித்துவைத்திருந்தாள். ஒரு நாள் அப்பா தீயவிட்ட சோறு. ஒரு நாள் திலேக்குக்கு அவன் அம்மா பின்னிக்கொடுத்த புதுச் சிவப்புக் கையுறைகள், குளிரெல்லாம் போன பிறகு.

அம்மாவின் குரல் செய்திகள் மாறின. முன்பு "சாப்பிட்டியா, குளிருக்குப் போர்த்திக்கிட்டியா" என்று இருந்தவை இப்போது வேறு மாதிரி வந்தன.

"நாற்காலிக்கடியில இருக்குறது என்னடி? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"உங்க அப்பாகிட்டச் சொல்லு, சோத்துக்குத் தண்ணி வைக்கணும்னு."

"இன்னைக்கு ஓநாயைப் பார்த்து சைரா பயந்து என் டீயைக் கொட்டிட்டா."

அம்மா ஊரில் இல்லாதது இல்லாததுதான். விளையாட்டு அதை மாற்றவில்லை. ஆற்றில் பனி உருகி வெள்ளம் பெருகியபோதும், ஆப்ரிகாட் மரங்கள் பூத்தபோதும், பள்ளியில் அம்மாக்களை அழைத்த விழாவில் புருல் அத்தை வந்து உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியபோதும், பெர்மெத்துக்கு நெஞ்சில் ஒரு இடம் வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தினமும் பள்ளி விட்டு வரும் நேரம் மாஸ்கோவில் டீ நேரம். அந்த நேரத்தில் அம்மா வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவள் கொஞ்சம் வேகமாக நடப்பாள்.

ஒரு நாள் அவள் பையை இறக்கி வைப்பதற்குள் போன் ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அழைத்தது அம்மா. தலையில் வெள்ளைத் தொப்பி, புருவத்தில் மாவு, பின்னால் ரொட்டித் தட்டுகளின் சத்தம். சைரா அக்காவும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. டோலோனைத் தாண்டி வீட்டுக்கு வந்துட்டேன். உங்க அப்பாவோட காரையும் முந்திட்டேன். பார்த்தா மணி இன்னும் அடிக்கல." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, நிஜமாகவே மலையேறி வந்தவர் போல. "முதலாளிகிட்டக் கேட்டுட்டேன், குதிரைக்குட்டி. ஆகஸ்ட்டுல விடுப்பு. பயணச்சீட்டும் எடுத்தாச்சு."

பெர்மெத் தலையை மட்டும் ஆட்டினாள். ஆகஸ்ட்டுக்கு இன்னும் எத்தனையோ மலை இருந்தது. ஆனால் இப்போது அவற்றுக்கு ஒரு கடைசி மலையும் இருந்தது.

"அழாதடி. மணி அடிக்கறதுக்குள்ள எனக்கு ஒண்ணு வேணும்," என்றார் அம்மா. தன் காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, போனுக்கு நேராக நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

பெர்மெத் நீலக் கெட்டிலை எடுத்தாள். மேசைமேல் அம்மாவின் கிண்ணத்தை வைத்து, அடி நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றினாள்.